ருடோல்ஃப் விர்ச்சோ

ருடோல்ஃப் லுட்விக் கார்ல் விர்ச்சோ (அக்டோபர் 13, 1821 – செப்டம்பர் 5, 1902) ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர், நோயியல் அறிஞர், மானிடவியலாளர், அரசியல்வாதி ஆவார். நோய்கள் யாவும் உயிரணுக்களில் ஏற்படும் மாற்றங்களிலிருந்தே தொடங்குகின்றன என்னும் உயிரணு நோயியல் கொள்கையை நிலைநாட்டியமையால் இவர் தற்கால நோயியலின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். வறுமை, கல்வியின்மை, அரசின் புறக்கணிப்பு ஆகியவை கொள்ளைநோய்களுக்கு வழிவகுக்கின்றன என 1848 ஆம் ஆண்டிலேயே விரிவான கள ஆய்வின் மூலம் எடுத்துக்காட்டியதால், சமூக மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகின்றார். மருத்துவச் சமூகவியலை இளநிலைப் பட்டப் படிப்பில் பயில்வோர் அத்துறையின் வரலாற்றைப் படிக்கும்போது எதிர்கொள்ளும் முதன்மையான பெயர்களுள் விர்ச்சோவின் பெயரும் ஒன்று.

இளமையும் கல்வியும்

விர்ச்சோ, பிரஷ்ய அரசின் பொமரேனியா மாகாணத்தில் உள்ள ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் ஷ்விட்வின் என்ற பெயரில் உள்ளது. தந்தை கார்ல் விர்ச்சோ ஓர் உழவர். நகராட்சியின் பொருளாளராகவும் இருந்தவர். தாய் யோஹானா. பெற்றோருக்கு விர்ச்சோ ஒரே பிள்ளை.

பள்ளிப் படிப்பைக் கோஸ்லின் நகரில் 1839 ஆம் ஆண்டு முடித்தார். முதலில் கிறித்தவப் போதகராக வேண்டும் என எண்ணியிருந்தார். ஆனால் தமது குரல் தேவாலயத்தில் பேசுவதற்குப் போதிய வலிமையுடையதன்று எனக் கருதி அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். அதே ஆண்டில், படைத்துறை மருத்துவர்களைப் பயிற்றுவித்த பெர்லின் நகரத்துக் கல்வி நிறுவனத்தில் உதவித்தொகையுடன் மருத்துவம் பயில இடம் கிடைத்தது. வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த திறமையான மாணவர்களுக்கு இந்நிறுவனம் இலவசமாகக் கல்வியளித்து, பின்னர் அவர்களைப் படையின் மருத்துவப் பணிக்கு எடுத்துக்கொண்டது. அக்காலத்தின் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞரான யோஹானஸ் முல்லரிடம் விர்ச்சோ பாடம் கேட்டார். ஊகத்தைத் தவிர்த்து, நுண்ணோக்கி வழியாகக் காண்பதை அடிப்படையாகக் கொள்ளும் முறையை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டார். 1843 இல் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார்.

சாரிட்டே மருத்துவமனையில்

பட்டம் பெற்றபின் பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அங்கு இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராயும் பிரிவில் ரோபர்ட் ஃப்ரோரிப் என்பவருக்குத் துணையாக இருந்து, 1846 இல் அவருடைய பொறுப்பை ஏற்றார். 1845 ஆம் ஆண்டில் குருதியில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் ஹியூஸ் பென்னட்டும் இத்தகைய நோயைத் தனியாக விவரித்திருந்தார். இந்நோய்க்கு லுகேமியா என்னும் பெயரை 1847 இல் விர்ச்சோ வழங்கினார்.

குருதிக்குழாயில் உருவாகும் உறைகட்டி அங்கிருந்து பெயர்ந்து சென்று நுரையீரல் போன்ற உறுப்புகளின் குழாய்களை அடைக்கக்கூடும் என்பதையும் இக்காலத்தில் தொடங்கிய ஆய்வுகளின் மூலம் விளக்கினார்.

1847 இல் தம் நண்பர் பென்னோ ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து நோயியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1852 இல் ரைன்ஹார்ட் இறந்தபின் தாமே அதனை இறுதிவரை நடத்தினார். விர்ச்சோவின் பெயராலேயே அழைக்கப்படும் அவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது.

மேல் சைலேசியாவில் டைஃபஸ் கொள்ளைநோய்

பின்னணி

மேல் சைலேசியா அக்காலத்தில் பிரஷ்ய அரசின் தென்கிழக்கு எல்லையில் இருந்த பகுதியாகும். இன்று இதன் பெரும்பகுதி போலந்து நாட்டில் உள்ளது. சைலேசியாவின் பெரும்பகுதியை 18 ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்யா ஆஸ்திரியாவிடமிருந்து கைப்பற்றியது. மேல் சைலேசியாவின் நாட்டுப்புற மக்களுள் பெரும்பாலோர் போலிய மொழி பேசுவோர், கத்தோலிக்கர். அரசு அலுவலர்களோ ஜெர்மன் மொழி பேசுவோர். பரந்த நிலங்களும் சுரங்கங்களும் ஒரு சில பெருங்குடும்பங்களின் கையில் இருந்தன. இவ்வுரிமையாளர்களில் பலர் தொலைவிலுள்ள நகரங்களில் வாழ்ந்தனர்.

உழவர்களின் முதன்மையான உணவு உருளைக்கிழங்கு. 1840களின் நடுவில் ஐரோப்பா எங்கும் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் பரவியது. மேல் சைலேசியாவில் அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தது, பஞ்சம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து 1847 இல் டைஃபஸ் காய்ச்சல் பரவத் தொடங்கியது. (டைஃபஸ் என்பது டைஃபாய்டு காய்ச்சலிலிருந்து வேறானது.) பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏராளமாயினர். செய்தித்தாள்கள் இதைப் பற்றி எழுதிய பின்னரே பெர்லினில் இருந்த அரசு நடவடிக்கை எடுக்க முன்வந்தது.

பயணம்

நோயைப் பற்றி ஆராய்வதற்கு ஸ்டீஃபன் பாரெஸ் என்னும் மூத்த மருத்துவ அதிகாரியையும் அவருடன் விர்ச்சோவையும் அரசு அனுப்பியது. அப்போது விர்ச்சோவுக்கு வயது 26. 1848 பிப்ரவரி 20 அன்று பெர்லினை விட்டுப் புறப்பட்ட அவர், மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில் திரும்பினார். ஏறத்தாழ மூன்று வாரங்களே நீடித்த இப்பயணம் அவருடைய வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது.

ரிப்னிக், பிளெஸ் ஆகிய மாவட்டங்கள் நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தன. விர்ச்சோ அங்கு நோயாளிகளைக் கண்டார். இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். அத்துடன் நிற்காமல் வீடுகளின் அமைப்பு, ஓர் அறையில் உறங்குவோரின் எண்ணிக்கை, உணவு, உடை, மண்வளம், பள்ளிகள், நிலவரி, தேவாலயத்தின் செல்வாக்கு, அரசு அலுவலர்களின் நடத்தை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டார். ஒரே அறையில் குடும்பத்தினர் பலரும் நெருக்கமாக வாழ்ந்ததையும், சில இடங்களில் கால்நடைகளும் அதே கூரையின் கீழ் இருந்ததையும் அவர் விவரித்துள்ளார்.

அறிக்கை

விர்ச்சோவின் அறிக்கை 1848 ஆம் ஆண்டு அவருடைய ஆய்விதழிலேயே வெளியானது. ஏறக்குறைய 190 பக்கங்களைக் கொண்ட இவ்வறிக்கை, ஒரு மருத்துவ அறிக்கை தொடங்குவதைப் போல நோயின் அறிகுறிகளிலிருந்து தொடங்கவில்லை. நாட்டின் நில அமைப்பு, மக்களின் வரலாறு, வாழ்க்கைமுறை ஆகியவற்றைக் கூறிய பின்னரே நோயைப் பற்றிப் பேசுகின்றது. அரசியல் பரிந்துரைகளுடன் முடிகின்றது.

மக்களின் துன்பத்துக்கு அவர்களுடைய சோம்பலும் அழுக்கும் குடியுமே காரணம் என்பது அதிகாரிகளிடையே நிலவிய கருத்து. மக்களிடம் இக்குறைகள் இருப்பதாக விர்ச்சோவும் எழுதினார். அவருடைய நடையில் அக்காலத்து ஜெர்மானியரிடம் இருந்த மேட்டிமையும் ஆங்காங்கே தென்படுகின்றது. ஆனால் இக்குறைகளை மக்களின் பிறவிக் குணமாக அவர் கொள்ளவில்லை. தலைமுறைதோறும் உழைப்பின் பயன் நில உரிமையாளருக்கே சென்றதாலும், தாய்மொழியில் கல்வி கிடைக்காததாலும், தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமை இல்லாததாலும் அம்மக்கள் அந்நிலையை அடைந்தனர் என்பது அவருடைய முடிவு. போலிய மொழி மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழி ஆசிரியர்களை அனுப்பிய கல்விமுறையையும் அவர் குறைகூறினார்.

பரிந்துரைகள்

உடனடித் தேவையாக, மருத்துவர்களும் பொதுமக்களும் அடங்கிய குழு ஒன்றை அமைத்து உணவு வழங்கலையும் நோய்ப் பரவலையும் கண்காணிக்க வேண்டும் என விர்ச்சோ பரிந்துரைத்தார். ஆயினும் மருந்தாலும் நிவாரண உணவாலும் மட்டும் இத்தகைய கொள்ளைநோயை மீண்டும் வராமல் தடுக்க இயலாது என்பதை வலியுறுத்தினார். நீண்டகாலத் தீர்வாக அவர் முன்வைத்தவற்றுள் முதன்மையானவை:

முழுமையான மக்களாட்சியும் உள்ளூர்த் தன்னாட்சியும்
போலிய மொழிக்கு அலுவல் நிலை
பெண்களையும் உள்ளடக்கிய பரவலான கல்வி
அரசையும் தேவாலயத்தையும் பிரித்தல்
ஏழைகளின் மீதான வரிச்சுமையைக் குறைத்துச் செல்வர்களிடம் வரி பெறுதல்
வேளாண்மையை மேம்படுத்துதல், சாலைகள் அமைத்தல், உழைப்போரின் கூட்டமைப்புகளை ஊக்குவித்தல்

அரசு ஒரு மருத்துவக் குறிப்பை எதிர்பார்த்திருந்தது. அதற்குக் கிடைத்ததோ அரசின் ஆட்சிமுறையைப் பற்றிய குற்றச்சாட்டு ஆகும்.

1848 புரட்சியும் மருத்துவச் சீர்திருத்தமும்

விர்ச்சோ பெர்லின் திரும்பிய சில நாட்களிலேயே, 1848 மார்ச் 18 அன்று, அங்கு புரட்சி வெடித்தது. தெருக்களில் தடுப்பரண்களை அமைத்தவர்களுடன் அவரும் சேர்ந்துகொண்டார். அதே ஆண்டு சூலை மாதம் ரூடோல்ஃப் லொய்புஷர் என்னும் மருத்துவருடன் இணைந்து மருத்துவச் சீர்திருத்தம் என்னும் பொருள்படும் பெயரில் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார்.

மருத்துவம் என்பது ஒரு சமூக அறிவியல் என்பதும், அரசியல் என்பது பேரளவில் நடைபெறும் மருத்துவமே என்பதும் இவ்விதழில் அவர் வளர்த்த கருத்துகளாகும். மருத்துவர் ஏழைகளுக்காக வாதிட இயல்பாகவே கடமைப்பட்டவர் என அவர் கருதினார். ஏழைகளுக்கு மருத்துவம் அறச்செயலாக அன்றி உரிமையாகக் கிடைக்க வேண்டும், பொதுநலத்தைப் பேணுவதற்குத் தனி அமைச்சகம் வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகள் இதில் எழுப்பப்பட்டன. சாலமன் நோய்மன் என்னும் மருத்துவரும் இவ்வியக்கத்தில் முதன்மையான பங்கு வகித்தார்.

புரட்சி தோல்வியுற்றது. 1849 மார்ச் மாத இறுதியில் விர்ச்சோ சாரிட்டே பணியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் சில சலுகைகள் குறைக்கப்பட்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வார இதழ் 1849 சூன் மாத இறுதியுடன் நின்றது. மேல் சைலேசியா பற்றிய அவருடைய பரிந்துரைகள் நடைமுறைக்கு வரவில்லை.

வூர்ட்ஸ்புர்க் காலம்

1849 ஆம் ஆண்டின் இறுதியில் பவேரியாவில் உள்ள வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் நோயியல் உடற்கூற்றியல் பேராசிரியர் பதவியை ஏற்றார். தீவிர அரசியலில் ஈடுபடக்கூடாது என்பது அங்கு அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையாகும். 1850 இல் ரோசா மாயர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர்.

ஏழு ஆண்டுகள் நீடித்த இக்காலம் அவருடைய அறிவியல் பணியில் மிகவும் வளமானது. எர்ன்ஸ்ட் ஹேக்கல் உள்ளிட்ட பலர் இங்கு அவரிடம் பயின்றனர். எனினும் சமூகம் சார்ந்த ஆய்வை அவர் முற்றிலும் விட்டுவிடவில்லை. 1852 இல் ஸ்பெஸ்ஸார்ட் மலைப்பகுதியில் ஏற்பட்ட பஞ்சத்தை ஆராய பவேரிய அரசு அனுப்பிய குழுவில் அவரும் இடம்பெற்றார். அங்கும் கல்வி, பொருள்வளம், விடுதலை ஆகிய மூன்றுமே நிலையான தீர்வு என எழுதினார். அவருடைய நடை முன்பைவிட அடங்கியிருந்தது, முடிவு மாறவில்லை.

உயிரணு நோயியல்

1856 இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் கேட்டவாறே சாரிட்டே வளாகத்தில் நோயியல் நிறுவனம் ஒன்று அவருக்காகக் கட்டப்பட்டது. 1858 இல் அவர் நிகழ்த்திய 20 விரிவுரைகள் உயிரணு நோயியல் என்னும் நூலாக அதே ஆண்டில் வெளிவந்தன.

உடலில் உள்ள நான்கு நீர்மங்களின் ஏற்றத்தாழ்வே நோய்க்குக் காரணம் என்னும் பழங்கொள்கையின் தாக்கம் அதுவரை மருத்துவத்தில் நீடித்திருந்தது. ஒவ்வோர் உயிரணுவும் மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றுகின்றது. ஆதலால் நோயுற்ற திசுவும் நலமான உயிரணுவின் வழித்தோன்றலே என விர்ச்சோ வாதிட்டார். புற்றுநோய் வெளியிலிருந்து உடலுக்குள் குடியேறும் பொருளன்று, உடலின் சொந்த உயிரணுக்களின் மாறிய நிலையே என்னும் இன்றைய புரிதலுக்கு இதுவே அடித்தளமாக அமைந்தது.

உயிரணுப் பிரிவைப் பற்றி ரோபர்ட் ரேமாக் இதற்கு முன்பே ஆய்வுகளை வெளியிட்டிருந்தார். அவருக்குரிய சிறப்பை விர்ச்சோ உரியவாறு குறிப்பிடவில்லை என அறிவியல் வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர்.

விர்ச்சோவின் அரசியல் கருத்துக்கும் உயிரணுக் கொள்கைக்கும் இடையே ஓர் ஒப்புமை காணப்படுகின்றது. உடலை, சம உரிமையுள்ள உயிரணுக் குடிமக்கள் சேர்ந்து அமைத்த குடியரசாக அவர் அடிக்கடி உருவகித்தார். ஆனால் அவருடைய உயிரியல் கண்டுபிடிப்புகள் நுண்ணோக்கி ஆய்வில் கிடைத்த சான்றுகளை அடிப்படையாகக் கொண்டவை.

பெர்லின் நகரச் சுகாதாரம்

1859 இல் விர்ச்சோ பெர்லின் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கும் மேலாக அப்பொறுப்பில் நீடித்தார். மேல் சைலேசியாவில் எழுத்தளவில் நின்றுபோன கருத்துகளின் ஒரு பகுதியை இங்கு செயற்படுத்த அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

தொழில் வளர்ச்சியால் பெர்லின் வேகமாகப் பெருகியது. 1871 இல் அதன் மக்கள்தொகை 8 இலட்சத்தைக் கடந்திருந்தது. வீட்டுக் கழிவுநீர் தெருவோரத் திறந்த கால்வாய்களில் ஓடியது. கழிவுநீர் அகற்றல் பற்றி ஆராய்ந்த குழுவுக்கு விர்ச்சோ தலைமை தாங்கினார். ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்னும் பொறியாளரின் திட்டத்தை ஆதரித்து அவர் அளித்த அறிக்கைக்குப் பின், நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் அமைப்பைக் கட்டும் பணி 1873 இல் தொடங்கியது. நகரம் 12 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் கழிவுநீரும் ஒரு நீரேற்று நிலையத்தில் சேர்ந்து, அங்கிருந்து நகருக்கு வெளியே இருந்த பாசன வயல்களுக்கு அனுப்பப்பட்டது. கழிவுநீரை ஆற்றில் கலக்காமல் வேளாண்மைக்குப் பயன்படுத்துவது இத்திட்டத்தின் சிறப்பாகும்.

1874 இல் திறக்கப்பட்ட ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் மருத்துவமனை பெர்லின் நகராட்சியின் முதல் பொது மருத்துவமனை ஆகும். இதனை அமைப்பதிலும் விர்ச்சோ பங்காற்றினார். பன்றியிறைச்சி வழியாகப் பரவும் டிரைகினெல்லா என்னும் புழுவைப் பற்றி ஆராய்ந்த அவர், இறைச்சியை விற்பனைக்கு முன் நுண்ணோக்கியால் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் எனப் பல ஆண்டுகள் போராடினார்.

அரசியல் வாழ்க்கை

1861 இல் ஜெர்மன் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் விர்ச்சோவும் ஒருவர். அவ்வாண்டு பிரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினரானார். 1880 முதல் 1893 வரை ஜெர்மானியப் பேரரசின் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். படைச் செலவினைக் கூட்டிய பிரஷ்யத் தலைமை அமைச்சர் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க்கைத் தொடர்ந்து எதிர்த்தார்.

1865 இல் நாடாளுமன்ற விவாதம் ஒன்றில் பிஸ்மார்க்கின் நேர்மையை விர்ச்சோ ஐயுற்றுப் பேசினார். சினமுற்ற பிஸ்மார்க் அவரை இருவர் மோதும் ஆயுதச் சண்டைக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். சண்டைக்கு ஆயுதமாகப் புழு கலந்த இறைச்சித் துண்டை விர்ச்சோ தேர்ந்தெடுத்தார் என்றொரு கதை பரவலாக வழங்குகின்றது. இதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை.

1870களில் கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கைக் குறைக்கப் பிஸ்மார்க் மேற்கொண்ட நடவடிக்கைகளை மட்டும் விர்ச்சோ ஆதரித்தார். அப்போராட்டத்துக்கு வழங்கும் பண்பாட்டுப் போர் என்னும் பொருள்படும் ஜெர்மன் பெயர் 1873 இல் அவருடைய பேச்சின் மூலமே பரவியது. போலிய மொழி பேசும் கத்தோலிக்கரின் உரிமைகளுக்காக 1848 இல் எழுதிய அவர், பின்னாளில் அம்மக்களையும் பாதித்த நடவடிக்கைகளுக்குத் துணைநின்றது முரணாகும்.

மானிடவியல் ஆய்வுகள்

1869 இல் பெர்லினில் மானிடவியல், இனவரைவியல், தொல்வரலாறு ஆகியவற்றுக்கான கழகத்தை நிறுவியவர்களுள் விர்ச்சோ முதன்மையானவர். 1879 இல் ஹைன்ரிக் ஷ்லீமானின் டிராய் அகழாய்வு நடைபெற்ற இடத்துக்கும் சென்றார்.

ஜெர்மானியப் பள்ளிப் பிள்ளைகளின் தலைமுடி, கண், தோல் ஆகியவற்றின் நிறத்தைப் பற்றி 1870களில் அவர் ஒழுங்கு செய்த கணக்கெடுப்பு குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 67 இலட்சம் பிள்ளைகளைப் பற்றிய இதன் முடிவுகள் 1886 இல் வெளியாயின. பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட பிள்ளைகள் சிறுபான்மையினரே என்பதும், யூதப் பிள்ளைகளிலும் பொன்னிற முடியுடையோர் இருந்தனர் என்பதும் இதனால் தெரியவந்தன. தூய ஜெர்மானிய இனம் என ஒன்று உண்டு என்னும் கருத்துக்கு இம்முடிவுகள் எதிராக அமைந்தன. 1880 இல் யூத எதிர்ப்பைக் கண்டித்து பெர்லின் பிரமுகர்கள் வெளியிட்ட அறிக்கையிலும் அவர் கையெழுத்திட்டார்.

அதே வேளையில், உலகின் பல பகுதிகளிலிருந்து மண்டையோடுகளையும் எலும்புகளையும் அவர் பெருமளவில் திரட்டினார். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட மக்களின் ஒப்புதலின்றி இத்தகைய சேகரிப்புகள் உருவாக்கப்பட்டமை 21 ஆம் நூற்றாண்டில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளது.

அறிவியல் பிழைகள்

தக்க சான்று இன்றி எதையும் ஏற்கக்கூடாது என்னும் விர்ச்சோவின் கொள்கை, சில வேளைகளில் புதிய உண்மைகளை ஏற்பதற்கும் தடையானது. நியாண்டர்தால் எலும்புகளின் தனித்தன்மைக்கு நோயே காரணம் என 1872 இல் கூறினார். டார்வினின் படிமலர்ச்சிக் கொள்கையை மெய்ப்பிக்கப்படாத கருதுகோளாகவே கொண்டார். மருத்துவர்கள் கைகளைத் தூய்மை செய்வதன் மூலம் பேறுகாலக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்ற இக்னாஸ் செம்மல்வைஸின் கருத்தையும் எதிர்த்தார். 1887 இல் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல்வளையிலிருந்து எடுத்து அனுப்பப்பட்ட திசுவில் புற்றுநோயின் அடையாளம் இல்லை எனத் தெரிவித்தார். பேரரசராகிய ஃபிரெடரிக் 1888 இல் புற்றுநோயால் இறந்தார்.

இவை எல்லாவற்றிலும் கிருமிக் கொள்கை பற்றிய அவருடைய ஐயமே மருத்துவச் சமூகவியலுக்கு நெருக்கமானது. 1882 இல் ரோபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தபோது விர்ச்சோ எச்சரிக்கையுடனேயே அதனை எதிர்கொண்டார். கிருமிகள் இருப்பதை அவர் மறுக்கவில்லை. கிருமி ஒன்றே நோய்க்கு முழு விளக்கம் ஆகிவிடும் என்பதையே ஏற்கத் தயங்கினார். எல்லாவற்றையும் கிருமியால் விளக்கிவிட்டால், வீட்டையும் உணவையும் கூலியையும் பற்றிக் கேட்க எவரும் இருக்கமாட்டார்கள் என்னும் அச்சத்துக்கு இத்தயக்கம் இடம் தந்தது. ஆனால் இத்தயக்கத்தால் ஓர் உண்மையான கண்டுபிடிப்பின் முழு மதிப்பையும் அவர் உணரத் தவறினார்.

மருத்துவச் சமூகவியலில் விர்ச்சோவின் இடம்

மேல் சைலேசியா அறிக்கையில் டைஃபஸ் நோயின் உண்மையான காரணி இல்லை. ஈரமும் காற்றும் நிலமும் சேர்ந்து உருவாக்கும் ஒருவகை நச்சுப்பொருளே நோயைத் தோற்றுவிக்கின்றது என அவர் எண்ணினார். டைஃபஸ் நோயைப் பரப்புவது உடற்பேன் என்பதை 1909 இல் சார்லஸ் நிக்கோல் நிறுவினார். அதற்குக் காரணமான நுண்ணுயிரி ரிக்கெட்சியா வகையைச் சேர்ந்தது என்பது அதன் பின்னரே தெளிவாகியது.

இருந்தும் அறிக்கை பொய்யாகிவிடவில்லை. மாற்றுடை இல்லாமையும், துணியைக் கொதிநீரில் துவைக்க விறகு இல்லாமையும், ஓர் அறையில் பலர் நெருங்கி உறங்குவதும் பேன் பெருகுவதற்கு ஏற்ற சூழலைத் தருகின்றன. பஞ்சம் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றது. வீட்டையும் உடையையும் உணவையும் மாற்ற வேண்டும் என்னும் பரிந்துரை, பேனைப் பற்றி அறியாத நிலையிலும், நோயைத் தடுக்கக்கூடிய பரிந்துரையாகவே இருந்தது.

இதிலிருந்து மாணவர்கள் பிரித்தறிய வேண்டிய இரண்டு வினாக்கள் உள்ளன. ஒரு நோயை எது உண்டாக்குகின்றது என்பது ஒன்று. அந்நோய் ஏன் இவர்களுக்கு மட்டும், இவ்விடத்தில் மட்டும், இவ்வளவு மிகுதியாக வருகின்றது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேடலாம். இரண்டாவது வினாவுக்கு நிலவுடைமை, கூலி, மொழி, கல்வி, ஆட்சிமுறை ஆகியவற்றை ஆராயாமல் விடை காண இயலாது. முதல் வினாவில் தவறிய விர்ச்சோ இரண்டாவது வினாவைச் சரியாகக் கேட்டார். ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றை ஒதுக்கிவிட முடியாது என்பதை அவருடைய வெற்றியும் பிழையும் ஒருங்கே காட்டுகின்றன.

இத்துறையில் விர்ச்சோ தனியொருவர் அல்லர். மக்களின் வறுமையே நோய்களின் தாய் என்னும் கருத்தில் யோஹான் பீட்டர் ஃபிராங்க் 1790 இல் உரையாற்றியிருந்தார். எட்வின் சாட்விக் 1842 இல் பிரித்தானியத் தொழிலாளரின் சுகாதார நிலை பற்றிய அறிக்கையையும், ஃபிரெடரிக் எங்கெல்ஸ் 1845 இல் இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றிய நூலையும் வெளியிட்டனர். மருத்துவச் சமூகவியல் என்னும் பெயர் 1894 இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் மெக்கின்டயரின் கட்டுரையில் இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இது பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தது. டால்காட் பார்சன்ஸ் 1951 இல் நோயாளியின் சமூகப் பங்கை விளக்கியது இவ்வளர்ச்சியில் முதன்மையான கட்டமாகும். பார்சன்ஸ், நோயுற்றவரிடம் சமூகம் எதை எதிர்பார்க்கின்றது எனக் கேட்டார். விர்ச்சோவின் வழிவந்தோர், சமூகம் யாரை நோயுறச் செய்கின்றது எனக் கேட்டனர். இன்றைய பாடத்திட்டங்களில் இவ்விரு மரபுகளும் இடம்பெறுகின்றன.

விர்ச்சோவின் மாணவரான மாக்ஸ் வெஸ்டன்ஹோஃபர் சிலி நாட்டில் நோயியல் கற்பித்தார். அந்நாட்டில் மருத்துவம் பயின்று பின்னர் குடியரசுத் தலைவரான சால்வடோர் அயெந்தே 1939 இல் சிலியின் மருத்துவ-சமூக நிலை பற்றி நூல் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அமைத்த, உடல்நலத்தின் சமூகக் காரணிகளுக்கான ஆணையம் 2008 இல் தன் அறிக்கையை அளித்தது. விர்ச்சோ எழுப்பிய வினாவின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

இறுதிக் காலம்

1892 இல் இங்கிலாந்தின் அரச கழகம் விர்ச்சோவுக்குக் கோப்லி பதக்கம் வழங்கியது. 1892–93 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். தாம் திரட்டிய உறுப்பு மாதிரிகளைக் கொண்டு 1899 இல் நோயியல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்.

1902 சனவரி 4 அன்று பெர்லினின் லைப்சிகர் தெருவில், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து முழுமையாக மீளாமல் 1902 செப்டம்பர் 5 அன்று தமது 80 ஆவது வயதில் காலமானார். பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில் உள்ள புனித மத்தேயு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவுச் சின்னங்கள்

1906 இல் பெர்லினின் வெட்டிங் பகுதியில் திறக்கப்பட்ட நகராட்சி மருத்துவமனைக்கு விர்ச்சோவின் பெயர் சூட்டப்பட்டது. இன்று அது சாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையின் வளாகங்களுள் ஒன்றாக உள்ளது. சாரிட்டே அருகில் உள்ள கார்ல் சதுக்கத்தில் ஃபிரிட்ஸ் கிளிம்ஷ் வடித்த நினைவுச் சின்னம் 1910 இல் நிறுவப்பட்டது. அவர் தொடங்கிய அருங்காட்சியகம் பெர்லின் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாகத் தொடர்கின்றது. குருதி உறைவுக்கான மூன்று காரணிகளைக் குறிக்கும் விர்ச்சோ மும்மை, வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறியாகக் கழுத்தின் இடப்புற அடிப்பகுதியில் தோன்றும் விர்ச்சோ கணு போன்ற மருத்துவச் சொற்களிலும் அவருடைய பெயர் வழங்கிவருகின்றது.